மறுஅளவிடு: மறுபடி அளப்பதா, அளவை மாற்றுவதா?

கணினிக்குப் புதியவரான என் பெரியம்மா, திரையில் தோன்றிய ஒரு பிழைச்செய்தியைப் படம் பிடித்துத் தன் மகளுக்கு அனுப்ப நினைத்தார். விண்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். படங்களுக்கான கோப்புறையில் ஸ்கிரீன்ஷாட் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை சிக்கல் இல்லை. படம் பெரிதாக இருந்ததால், சிறிதாக்குவதற்காகத் தமிழ் இடைமுகம் கொண்ட ஒரு செயலியைத் திறந்தோம். பட்டியில் ‘மறுஅளவிடு’ என்று இருந்தது, ஆங்கில ரீசைஸுக்கு (resize) வைத்த தமிழ்ப் பெயர். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தவர், “முதலில் எப்போது அளந்தோம், மறுபடியும் அளப்பதற்கு?” என்று கேட்டார்.

பயிற்சிக் காணொளிகளில் கேட்டுக் கேட்டு எனக்கு மரத்துப்போயிருந்த சொல் அது. “இப்போது படத்தை மறுஅளவிடுங்கள்” என்று சொல்பவர் ஒருவராவது அளவுகோலை எடுத்துக் காட்டியிருக்கிறாரா? பெரியம்மா கேட்டது தமிழ் தெரிந்தவரின் கேள்வி.

முதலில் ஸ்கிரீன்ஷாட்டை முடித்துவிடுவோம். ஷாட் என்பது சுடுதல். குறி பார்க்க நேரமின்றிச் சட்டெனச் சுடுவதை ஆங்கில வேட்டைக்காரர்கள் ஸ்நாப்ஷாட் என்றார்கள். 1860இல் ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அதை நிழற்படத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் நாம் படத்தைச் சுடுவதில்லை, பிடிக்கிறோம். ஆகவே திரைப்பிடிப்பு என்பது இயல்பான சொல். ஸ்கிரீன்ஷாட் என்றே சொன்னாலும் நான் வழக்காடப் போவதில்லை. எல்லோருக்கும் புரிகிற சொல்லோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் வழக்கு ரீசைஸின் தமிழாக்கத்தோடுதான். சைஸ் என்பதன் மூலம், ‘அமர்வு’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். அமர்ந்து பேசி விதித்த அளவு என்றாகி, பிறகு வெறும் அளவு என்று தேய்ந்தது. அதன் முன்னால் ரீ வந்தால், இருக்கும் அளவை விட்டு வேறு அளவுக்குக் கொண்டுபோவது. ஆங்கிலக் கதை அவ்வளவுதான்.

தமிழில் அளவிடு என்றால் அள, மதிப்பிடு. அளவிட முடியாத அன்பு என்றால் அளந்து சொல்ல முடியாத அன்பு. உலகளந்தான் உலகத்தை மூன்றடியால் அளந்தான். சுருக்கி மடித்து வைத்துக்கொள்ளவில்லை. நிலத்தை மறு அளவை செய்தால் எல்லைக்கல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரியும். அதனால் நிலம் ஒரு சாண்கூட அதிகமாகிவிடாது. அளப்பவன் கை பொருளின்மேல் படும், பொருள் மாறாது. ரீசைஸ் செய்தாலோ பொருளே மாறிவிடுகிறது. இரண்டும் நேர் எதிர்.

இந்தச் சொல்லுக்காக வாதாடுகிறவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். மறு என்றால் ‘மறுபடியும்’ மட்டுமல்ல, ‘வேறு’ என்றும் பொருள். மறுகரை, மறுபுறம் என்கிறோமே. ஆக மறுஅளவு என்பது வேறு அளவு. பெயர் கொடுப்பது பெயரிடு என்றால், வேறு அளவு கொடுப்பது மறுஅளவிடு. கேட்க அழகான வாதம். ஆனால் அளவிடு என்பதை ‘அளவைக் கொடு’ என்று பிரித்துப் படிக்கும் தமிழர் எங்கே இருக்கிறார்? அது பல நூற்றாண்டுகளாக ஒரே வினையாக இறுகிப்போன சொல். அதை உடைத்து உள்ளே வேறு பொருளை வைத்துவிட்டு, படிக்கிறவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது புதிர் போடுவதாகும். பட்டியில் இருக்க வேண்டியது கட்டளை.

சொற்கள் சேரும் புணர்ச்சி இலக்கணம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. இலக்கணப்படி அது மறுவளவிடு ஆக வேண்டும். நிலாவில் தெரியும் கறைக்கும் மறு என்றுதான் பெயர். கறையை அளக்கச் சொல்கிறார்களோ என்று யாராவது கேட்டால் அவரையும் குறை சொல்ல முடியாது. மறுஅளவாக்கு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அளவாகப் பேசு, அளவாகச் செலவு செய் என்பவர்கள் நாம். அந்தச் சொல்லைப் படித்தால் படத்துக்கு யாரோ அடக்கம் கற்றுத்தருவதுபோல் இருக்கிறது.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான்: ரீ என்று கண்டால் மறு என்று எழுதும் பழக்கம். ரீஸ்டார்ட்டுக்கு மறுதொடக்கம் சரி, உண்மையிலேயே மறுபடி தொடங்குகிறது. ஆனால் ரீநேமுக்கு மறுபெயரிடு எதற்கு? வாயால் சொல்லும்போது எல்லோரும் பெயரை மாற்று என்றுதானே சொல்கிறார்கள்? ரீமூவிலும் அதே ரீ இருக்கிறது. அதை யாரும் மறுநகர்த்து என்று எழுதவில்லை, அகற்று என்று அழகாக எழுதினார்கள். ரீஃப்ரெஷைப் புதுப்பி என்றார்கள். பொருளைப் பார்த்த இடத்திலெல்லாம் நல்ல தமிழ் வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் தெரியும். பல வேளைகளில் அவர் கைக்கு வருவது திரை அல்ல, வெறும் சொற்பட்டியல். ஆனால் பட்டியல் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை செயலியைத் திறந்து, அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாமே.

ஆங்கிலத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். பழைய ஐபிஎம் கணினிகளில் ஷிப்ட்டோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் திரையில் இருந்த எழுத்து உண்மையிலேயே அச்சுப்பொறிக்குப் போனது. இன்று அந்த விசை எதையும் அச்சிடுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது தேய்ந்துபோன உண்மை. நம்முடையது பிறந்த அன்றே பிழை.

சரியான சொல் கையருகிலேயே கிடக்கிறது: அளவு மாற்று. பெயர்ச்சொல் வேண்டுமானால் அளவு மாற்றம். சிறிதாக்கு, பெரிதாக்கு என்பவை இன்னும் எளியவை. ஆனால் திரையில் கிட்டத்திலும் தள்ளியும் வைத்துப் பார்க்கும் ஜூமுக்கு அவற்றை ஏற்கனவே கொடுத்துவிட்டோம். ஜூம் செய்தால் படம் மாறுவதில்லை, பார்வைதான் மாறுகிறது. ஓரங்களை வெட்டுவதும் அளவு மாற்றம் ஆகாது, அது கத்தரித்தல். புதியவர்களுக்குப் பல நேரம் வேண்டியிருப்பதும் அதுதான். பிழைச்செய்தியை மட்டும் அனுப்ப முழுத்திரை எதற்கு?

என் சொல்லிலும் ஒரு ஓட்டை உண்டு. அளவு என்றால் நீள அகலமா, கிலோபைட்டா? 1920க்கு 1080 பிக்சல் கொண்ட திரைப்பிடிப்பை 50 விழுக்காடாக்கினால் 960க்கு 540 ஆகும். பிக்சல்களின் எண்ணிக்கை நாலில் ஒன்றாகிவிடும். கோப்பின் எடை அதே கணக்கில் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே ஒன்றைப் படஅளவு என்றும் மற்றதைக் கோப்பளவு என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. இன்னொன்று: அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘க்’ போய் ‘க’ ஆகிவிடும். திரும்பப் பெரிதாக்கினாலும் தொலைந்த புள்ளி வராது, மங்கல்தான் வரும். மூலப்படத்தை வைத்துக்கொண்டு நகலில் கை வையுங்கள்.

கடைசியில் அந்தச் செயலியை மூடிவிட்டு, விண்டோஸோடு வரும் பெயின்ட்டைத் திறந்தேன். கண்ட்ரோலும் டபிள்யூவும் அழுத்தி, விகிதத்தைக் காக்கும் குறியீடு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, 50 என்று எழுதினோம். படம் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: “படத்தைச் சிறிசாக்க கண்ட்ரோல், டபிள்யூ. அளக்க வேண்டாம்.”