குக்கில் மாத்திரை வாங்கும் முன்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஆயுர்வேத மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டும், இன்னொரு கையில் மாத்திரை டப்பாவுமாக வருகிறார்கள். சீட்டில் கொழுப்பு கூடுதல் என்று இருக்கும், டப்பாவில் ஏதோ ஒரு குக்குலு, அதாவது குக்கில் சேர்த்த மாத்திரை. யாரும் எழுதிக் கொடுத்த மருந்து அல்ல. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், செல்போனில் விளம்பரம் வந்தது, வாங்கிவிட்டார்கள். காசிமேட்டிலிருந்து வரும் ஆட்டோக்காரர் ஒருவர், "இலைதழை மருந்துதானே டாக்டரம்மா, என்ன ஆயிடப் போவுது?" என்று கேட்டார். அவருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும், அந்தச் செடிக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவதைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குக்கில் இலையோ வேரோ அல்ல, ஒரு முட்புதரின் பிசின். குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் வறண்ட பகுதிகள், எல்லைக்கு அப்பால் சிந்து, பலுசிஸ்தான் ஆகிய இடங்களில் கல்லும் மணலுமான நிலத்தில் அது வளர்கிறது. ஆளுயரமோ, கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கும். பட்டை காகிதம் போல உரியும். ஆண்டில் பல மாதங்கள் இலையே இருக்காது. பூ மிகச் சிறியது, சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம். பெண் செடிகள் மகரந்தம் சேராமலேயே விதை பிடிக்கும் வழக்கம் உடையவை. ஆனால் அந்த விதைகளில் முளைப்பது குறைவு, முளைத்தது ஆடுமாட்டின் வாய்க்குத் தப்பி வளர்வது அதைவிடக் குறைவு. பிசின் எடுக்கும் பருவத்துக்கு வர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும்.

குளிர்காலத்தில் தண்டில் கீறுவார்கள். வழியும் பிசின் இறுகியதும் சுரண்டி எடுப்பார்கள். ஒரு செடியில் ஒரு பருவத்துக்குச் சில நூறு கிராம்தான் தேறும். அளவாகக் கீறினால் செடி பிழைத்துக்கொள்ளும். சந்தை கேட்பது அதற்கு மேலே என்பதால் கீறல் ஆழமாகிறது, எண்ணிக்கை கூடுகிறது, கீறிய இடத்தில் ரசாயனமும் ஏறுகிறது. மாம்பழம் சீக்கிரம் பழுக்கப் பயன்படுத்துகிறார்களே எத்திபான், அதையே தண்டில் செலுத்தினால் பிசின் பல மடங்கு வழியும். அளவு மீறினால் அதோடு செடியின் கதை முடிந்தது. கட்ச் பக்கம் சீமைக் கருவேலமும் பரவி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மரம் செய்யும் வேலை நமக்குத் தெரியாததா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தப் புதர் இப்போது 'மிக மோசமான ஆபத்தில்' என்ற படியில் இருக்கிறது. அதற்கு அடுத்த படி, காட்டில் ஒன்றுகூட மிஞ்சாத நிலை. எண்ணிக்கைக் குறைவை வைத்து ஓர் இனத்தை இந்தப் படியில் சேர்க்க வேண்டுமானால், மூன்று தலைமுறைக் காலத்தில் அது 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருக்க வேண்டும். புலி 'ஆபத்தில்' என்ற படியில் இருக்கிறது, குக்கில் அதைவிட மோசமான படியில். இதை நோயாளிகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

சரி, இவ்வளவு விலை கொடுத்து எடுக்கிற பிசின் கொழுப்பைக் குறைக்கிறதா? சுசுருதரின் நூலில் கொழுப்பு மிகுந்த நோய்க்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்யவதி ஆய்வு செய்தார். அதன்பின் நம் நாட்டில் நடந்த சில ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 2003இல் அமெரிக்காவில் 103 பேரை வைத்து எட்டு வாரம் சோதித்தபோது, குக்கில் சாறு எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் சற்றுக் குறைந்தது. குக்கில் எடுத்தவர்களில் சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. ஒரே ஆய்வோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொழுப்புக்கு ஆங்கில மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது ஆபத்து, அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் டில்டியாசெம், புரோப்ரனலால் போன்ற மருந்துகள் உடம்பில் சேர்வதைக் குக்கில் குறைக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், டப்பாவில் இருப்பது குக்கில்தானா என்ற கேள்வி. ராசப்பச் செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள், சாக்குச் சாக்காகப் பிசின் இருக்கும். செடி அருகினால் கலப்படம் பெருகும். குந்திரிக்கம், வேறு மரப்பிசின்கள், பட்டைத் தூள், மணல் என்று கலந்து வருகிறது. சுடுநீரில் போட்டால் நல்ல குக்கில் பால் போலக் கலங்கும். வெளிறிப்போய் அடியில் மண் தங்கினால் வாங்காதீர்கள். கலங்கிவிட்டது என்பதற்காகத் தரமானது என்றும் முடிவு கட்டாதீர்கள், அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். கடைக்காரரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இது எந்த ஊர்ச் சரக்கு, காட்டிலிருந்து வந்ததா, பயிரிட்டதா? கிளையை வெட்டி நட்டால் வேர் விடுகிற செடி இது, பதியனும் போடலாம், குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பயிரிட்டு வருகிறார்கள். வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டால்தான் பயிரிடுகிறவருக்கு விலை கிடைக்கும்.

நான் குக்கிலை அறவே கைவிடவில்லை. மூட்டுநோயில் சிலருக்கு, வேறு மருந்து பலிக்காதபோது, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதுகிறேன். கொழுப்புக்கும் உடல் எடைக்கும் எழுதுவதில்லை. அவர்களிடம் இரவுச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவதை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைக்கச் சொன்னால் முகம் சுருங்குகிறது, ஆனால் கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை தூபத்துக்குக் குக்கில் வாங்குகிறவர்களும் நிறைய. ஒரு செடி பத்து ஆண்டு வளர்ந்து கொடுத்த பிசினைக் கரியில் போட்டுப் புகைக்க எனக்கு மனம் வரவில்லை. கொசுவுக்காக என்றால், காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் போதும். கொசுவை விரட்ட ஒரு காலத்தில் மாநகராட்சியே நொச்சிக் கன்று கொடுத்தது நினைவிருக்கலாம். ஆஸ்துமா உள்ள வீட்டில் எந்தப் புகையும் வேண்டாம்.

மொட்டைமாடியில் ஒரு குக்கில் செடி வைக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிற ஊர் இது. கட்ச் பார்ப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் வேர் அழுகிப்போகும். அந்த இடத்தில் ஒரு நொச்சி வையுங்கள், தழைத்து வரும்.