குத்து 6 பிரேம், கண் 12 பிரேம்: யதார்த்த பாக்ஸிங் கேமின் கணக்கு

யதார்த்தமான பாக்ஸிங் கேம் ஒன்றை ஓடவிட்டு அடிமுறை (தென்தமிழகத் தற்காப்புக் கலை) படித்த ஒருவரிடம் காட்டினால் அவர் முதலில் பார்ப்பது பாதத்தைத்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக் களரிகளில் ஆசான்மார் சுவட்டில், அதாவது கால் வைக்கும் முறையில் இருந்துதான் தொடங்குவார்கள். கைக்கு வேலை பிறகு. அப்படிப் பழகிய கண்ணுக்கு, திரையில் வீரர் முன்னேறும்போது பின்கால் தரையில் வழுக்கிக்கொண்டு வருவது உடனே தெரிந்துவிடும்.

ஏன் வழுக்குகிறது? உண்மையான பாக்ஸர் ஒருவர் உடம்பெல்லாம் சென்சாரோ குறிப்பான்களோ ஒட்டிக்கொண்டு நடந்ததைப் பதிவு செய்துதான் அந்த அசைவை எடுக்கிறார்கள். பதிவில் ஓர் அடி 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளிய வேகத்துக்கு உடம்பு 55 செ.மீ. போக வேண்டும். மிச்சம் 15 செ.மீ. வழுக்கலாக வருகிறது. பாதத்தைத் தரையோடு பூட்டிவிட்டு முழங்காலை அதற்கேற்ப மடக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதைக் கறாராகப் போட்டால் கால் ஒழுங்காக ஊன்றும், ஆனால் கன்ட்ரோலரில் சொன்ன நேரத்துக்கு ஆள் திரும்பமாட்டார். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்கிறபோது பெரும்பாலான கேம்கள் வேகத்தைத்தான் எடுக்கின்றன. அது சரியான முடிவுதான்.

தோற்றத்தில் இந்த கேம்களைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2011இல் வந்த 'ஃபைட் நைட் சாம்பியன்'-க்குப் பிறகு பெரிய இடைவெளி விட்டு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான 'அன்டிஸ்பியூட்டட்' 2023 ஜனவரியில் முன்னோட்டமாகவும் 2024 அக்டோபரில் முழுமையாகவும் வெளிவந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட உண்மையான பாக்ஸர்கள் அதில் இருக்கிறார்கள். முகம், வியர்வை, கண் வீக்கம், ஒவ்வொருவரின் நிற்கும் பாணி எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. ஒரு தனி உடம்பை ஸ்கேனராலும் கேமராவாலும் அளந்துவிட முடியும். அளக்க முடிந்ததெல்லாம் இங்கே தேறிவிட்டது. தகராறு இருப்பது நேரக் கணக்கிலும், இரண்டு உடம்பு ஒன்றோடொன்று தொடும் இடத்திலும்தான்.

முதலில் நேரம். 1985இல் ஹெவிவெயிட் பாக்ஸர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். கை அரை மீட்டர் தூரத்தை 100 மில்லி நொடியில் கடந்து, நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கில் மோதியது. உச்ச விசை சுமார் 4,100 நியூட்டன்.

கேம் நொடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடினால் ஒரு பிரேம் 16.7 மில்லி நொடி. ஆக 100 மில்லி நொடிக் குத்து ஆறே பிரேமில் முடிந்துவிடும். எதிர்பாராத ஒன்றைக் கண்ணால் பார்த்து விரலை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ 200 மில்லி நொடி தேவை. அதாவது 12 பிரேம். அசல் வேகத்தை அப்படியே கேமில் வைத்தால் எந்தக் குத்தையும் பார்த்துத் தடுக்க முடியாது. நிஜ ரிங்கில் மட்டும் எப்படித் தடுக்கிறார்கள் என்றால், அங்கே யாரும் கையுறையைப் பார்த்துத் தடுப்பதில்லை. தோள் இறங்குவது, இடுப்பு திரும்புவது, முன்காலில் எடை ஏறுவது இவற்றைப் படித்து, கை கிளம்பும் முன்பே நகர்ந்திருப்பார்கள். 32 அங்குல டிவியில், ஆறடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நுணுக்கம் தெரியாது.

அதனால் கேம் செய்பவர்கள் குத்தை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள், அல்லது தொடக்க அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். இங்கிருந்து சங்கிலி தொடங்குகிறது. குத்து மெதுவானால் பிளாக் பட்டனை அழுத்திப் பிடித்தே பிழைத்துவிடலாம். அதைத் தடுக்க, பிளாக் மேல் குத்து விழ விழக் கைக்காப்பு பலவீனமாகும் என்று ஒரு விதி. அந்த விதி வந்ததும் காப்பை உடைக்கவே ஒரே ஹுக்கை (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) திரும்பத் திரும்ப அடிக்கும் கூட்டம் கிளம்பும். அதற்குத் தண்டனையாக ஸ்டாமினா (வீரரின் தெம்பு) குறையும். தவறிய குத்துக்கு இன்னும் கூடுதலாகக் குறையும். ஒவ்வொரு அப்டேட்டிலும் ஓர் எண்ணை மாற்றுவார்கள், ஒரு வாரத்துக்குள் வேறொரு குத்து 'ஓவர்பவர்' என்று சண்டை வரும்.

இதன் அடியில் இருப்பது வலி இல்லாத குறை. ரிங்கில் ஒருவர் ஒரே ஹுக்கைப் பத்து முறை வீசாததற்குக் காரணம் களைப்பு மட்டும் கிடையாது. நடுவில் வரும் ஒரு எதிர்க்குத்து தன் நினைவைப் பறித்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைத் திரையில் ஏறி இறங்கும் ஓர் அளவுகாட்டியாக (மீட்டர்) மாற்றினால், மீட்டரைக் கணக்குப் போட்டு விளையாடுபவர் ஜெயிப்பார், பாக்ஸிங் தெரிந்தவர் தோற்பார். அடி எங்கே பட்டால் ஆள் விழுவார் என்பதற்கு வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்கள் சொல்வார்கள். கேமுக்குத் தாடை, நெற்றிப்பொட்டு, கல்லீரல் என்று ஒருசில இடங்கள் போதுமானதாக இருக்கிறது. இதைக் குறை என்று சொல்லமாட்டோம். இடம் கூடக்கூட, எங்கே பட்டு ஏன் விழுந்தோம் என்று விளையாடுபவருக்கே புரியாமல் போகும்.

அடுத்தது தொடுகை. நொடிக்கு 8.9 மீட்டர் போகும் கை ஒரு பிரேமுக்கு 15 செ.மீ. நகர்கிறது, கிட்டத்தட்ட ஒரு தலையின் அகலம். ஒரு பிரேமில் கையுறை தாடைக்கு முன்னால், அடுத்த பிரேமில் தாடைக்குப் பின்னால். நடுவில் மோதல் நடந்ததே கணினிக்குத் தெரியாது. 'குத்து முகத்துக்குள் புகுந்து போச்சு' என்ற புகாரில் ஒரு பகுதி இதுதான். இரண்டு நிலைகளுக்கும் நடுவே கை கடந்த பாதை முழுவதையும் ஒரு குழாய் போல எடுத்துச் சோதிப்பதும், இயற்பியல் கணக்கை மட்டும் நொடிக்கு 120 அல்லது 240 முறை ஓட்டுவதும் இதற்கு மருந்து. ஆனால் மார்போடு மார்பு ஒட்டி நின்று அடிக்கும் நெருக்கச் சண்டைக்கு இந்த மருந்து போதாது. பதிவு செய்த அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே விடும் குத்து) கை போக 60 செ.மீ. இடம் இருந்திருக்கும், இங்கே 20 செ.மீ.தான் இருக்கிறது. கை எதிராளியின் நெஞ்சு வழியே போகும், அல்லது ஆள் தானாகப் பின்னால் தள்ளப்படுவார். கிளின்ச் (இருவரும் கட்டிப்பிடித்து நிற்பது) பெரும்பாலும் தனி அனிமேஷனாக ஒட்டப்பட்டிருப்பதும், சில கேம்களில் நடுவரே ரிங்குக்குள் தென்படாததும் இதே காரணத்தால்தான். மூன்றாவது உடம்பு வந்தால் சிக்கல் மூன்று மடங்காகும்.

இவ்வளவும் கேமுக்குள் இருப்பது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாடவிடும் கடைகளில் வேறொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும்: டிவி. படத்தை மெருகேற்றும் வேலையில் சாதாரண டிவி 50 முதல் 100 மில்லி நொடி வரை தின்றுவிடும். அதாவது 3 முதல் 6 பிரேம். நிஜக் குத்து ஒன்றின் முழு நேரமே அவ்வளவுதான். டிவி செட்டிங்கில் கேம் மோடைப் போட்டால் இது 10, 20 மில்லி நொடிக்கு இறங்கிவிடும். சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். செல்போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் வீடியோவில் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள். ஸ்டிக் அசைந்த பிரேமில் இருந்து திரையில் தோள் அசையும் பிரேம் வரை எண்ணி 4.2 ஆல் பெருக்குங்கள். 24 பிரேம் என்றால் 100 மில்லி நொடி. கேம் மோடு போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை எடுத்தால் வித்தியாசம் டிவியினுடையது.

ஆன்லைனில் தூரமும் சேரும். கேமின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் இருந்து அது நேர்கோட்டில் ஏறத்தாழ 3,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகும். போக 15, வர 15 என 30 மில்லி நொடி. எந்த பிளான் போட்டாலும் அதற்குக் கீழே பிங் (தகவல் போய்வரும் நேரம்) இறங்காது. கேபிள் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் இன்னும் கூடும். நிலையாக 60 பிங் இருப்பது 35க்கும் 110க்கும் நடுவே குதிப்பதைவிட மேல், ஏனென்றால் நிலையான தாமதத்துக்குக் கை பழகிவிடும். வைஃபையை விட்டு லேன் கேபிளைச் செருகினால் குதிப்பு பெருமளவு அடங்கும். எதிராளியின் அடுத்த அசைவை ஊகித்து ஓட்டிவிட்டு, ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்தும் 'ரோல்பேக்' முறை சாதாரணச் சண்டை கேம்களில் அருமையாக வேலை செய்கிறது. இயற்பியலை நம்பிய பாக்ஸிங் கேமில், திருத்தும் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு பிரேமின் மோதல் கணக்கு முழுவதையும் ஒரே பிரேம் நேரத்துக்குள் மறுபடி போட்டாக வேண்டும். அங்கேதான் மூச்சு வாங்குகிறது.

கடைசியாக கன்ட்ரோலர். வலது ஸ்டிக்கால் குத்து விடும் கேம்கள் அதைப் பாடாய்ப் படுத்தும். சாதாரண ஸ்டிக்குக்குள் கார்பன் பூச்சின்மேல் ஒரு சிறு தகடு உரசியபடி இருக்கும். உரசிய இடம் தேய்ந்தால் தொடாமலே ஆள் ஒரு பக்கம் சாய்வார். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று உலோக முனைகளையும் சேர்த்து அரிக்கும். செட்டிங்கில் டெட்சோனை (ஸ்டிக்கின் எவ்வளவு சிறிய அசைவை கேம் கண்டுகொள்ளாது என்ற அளவு) 5இல் இருந்து 10 சதவீதமாக்கினால் சாய்வு மறையும், அதே அளவுக்கு நுட்பமான அசைவும் போகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஸ்டிக்கைச் சுழற்றி, நன்றாகக் காயவிட்டால் தூசியால் வந்த கோளாறு போய்விடும். தேய்மானத்தால் வந்தது போகாது. துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குகிறவர்கள் காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதாகக் கேட்டு வாங்கலாம். அதில் உரசும் தகடே கிடையாது.