மூன்றாவது ரெய்டில் கால் ஏன் நின்றுவிடுகிறது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மின்னொளி கபடியில் என் தம்பி நன்றாகத்தான் பாடுவான். இரண்டு ரெய்டு வெறுங்கையோடு போய், மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆகணும் என்றால் மட்டும் திணறுகிறான். அப்பத்தா எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொல்லுது.”

பதற்றத்தில் இதயம் படபடக்கும், கை வியர்க்கும். அதெல்லாம் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்கடுத்த சங்கதி: பதற்றத்தில் யோசனை கூடிப்போவது.

2003இல் ஜோசப் ஜான்சன், மார்க்கஸ் ராப் என்ற இரு ஆய்வாளர்கள் ஹேண்ட்பால் (பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்) வீரர்களுக்கு ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு, பாதியில் நிறுத்தினார்கள். பந்து உன்னிடம் இருந்தால் என்ன செய்வாய்? முதலில் தோன்றியதை உடனே சொல்லச் சொன்னார்கள். அப்புறம் வேறென்ன செய்யலாம் என்று யோசிக்க விட்டார்கள். முதலில் தோன்றிய யோசனைதான் பெரும்பாலும் தரமாக இருந்தது. பின்னால் வந்தவை வரவரச் சோடை.

ஏன்? பழகிய மூளையில் யோசனைகள் கண்டபடி வருவதில்லை. கார்னர்க்காரரின் (ஓரத்தில் நின்று பிடிக்கும் எதிரணி வீரரின்) கால் நகர்வதைப் பார்த்ததும், அந்தக் காட்சியோடு ஆண்டுக்கணக்கான பயிற்சி இறுகக் கட்டிவைத்த அசைவுதான் முதலில் எழுகிறது. அடுத்தது அதைவிடத் தளர்வான கட்டு, அதற்கடுத்தது இன்னும் தளர்வு. ஆக, யோசிக்க யோசிக்கக் கையிருப்பில் மட்டமான யோசனைகளே சேர்கின்றன, அவற்றிலொன்றைத் தேர்ந்தெடுத்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது. தம்பி தயங்கும் நேரத்தில் கார்னர்க்காரரும் இடம் மாறிவிடுவார்; முதல் யோசனையும் காலாவதி!

அதற்காக எல்லோரிடமும் “யோசிக்காதே” என்று கத்தக் கூடாது. 2002இல் உளவியல் ஆய்வாளர் சையன் பைலாக் குழுவினர் கால்பந்து வீரர்களிடம் சோதித்தார்கள். தேர்ந்தவர்கள் தங்கள் காலைக் கவனித்துக்கொண்டே பந்தை உருட்டியபோது வேகம் குறைந்தது. ஆனால் அவர்களுடைய பழகாத காலுக்கும், புதியவர்களுக்கும் அதே கவனம் உதவியது. போன மாதம் கற்ற உதையை யோசித்துத்தான் உதைக்க வேண்டும்.

எலுமிச்சம்பழத்தால் கெடுதலில்லை, என்றைக்காவது மறந்து போய்விட்டால் அதுவே இன்னொரு யோசனையாகிவிடும், அதுதான் சிக்கல். நம் ஊர்க் குழுக்கள் ஆளுயரக் கோப்பைக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை முதல் யோசனையைப் பழக்குவதற்கும் ஒதுக்கலாம் என்பது என் ஆதங்கம். பெரிய செலவுகூட இல்லை. ஆட்டத்தை செல்போனில் எடுங்கள், எதிரணிக்காரர் கால் வைக்கும் நொடியில் நிறுத்துங்கள், “இப்ப என்ன?” என்று தம்பியைக் கேளுங்கள். முதல் பதிலை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள். சரியா தப்பா என்பதைக் கடைசியில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.