சிக்கனம் யார் செய்வது?

"சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து மக்கள் போராட்டம்." உலகச் செய்தி என்று வந்தால் இந்த வாக்கியத்துக்குத் தப்ப முடிவதில்லை. நாடு மட்டும்தான் மாறும். விவரம் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? அரசாங்கம் பாவம், வீண்செலவைக் குறைக்கப் பார்க்கிறது, ஊதாரி ஜனங்கள் தெருவில் இறங்கிக் கத்துகிறார்கள் என்றுதானே? உள்ளே போய்ப் பார்த்தால் ஓய்வூதியத்தை வெட்டியிருப்பார்கள், மருத்துவமனைக்குப் போகிற பணத்தைக் குறைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் சிக்கனமா?

ஆங்கிலத்தில் இதை ஆஸ்டெரிட்டி என்கிறார்கள். மூலம் கிரேக்க மொழியின் 'ஆஸ்டெரோஸ்': நாக்கை வறளச் செய்யும் கடுஞ்சுவை. நம் கணக்கில் துவர்ப்பு. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கண்டிப்பு, துறவிக்குரிய கடுமை என்றெல்லாம் பொருள் விரிந்து, பிறகு அரசின் நிதிக் கொள்கைக்கும் பெயரானது. 2010இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். கிரேக்க நாடு கடனில் மூழ்கித் தத்தளித்த ஆண்டு அது. ஆங்கிலச் சொல்லில் அந்தக் கடுமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் பெயர்த்தவர்கள் துவர்ப்பைத் துடைத்துவிட்டு, ஒரு நற்குணத்தின் பெயரை எடுத்து வைத்துவிட்டார்கள்.

சிக்கனத்தை சிக்கு, சிக்கென என்பவற்றோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பொருத்தம். "சிக்கெனப் பிடித்தேன்" என்று மாணிக்கவாசகர் பாடுகிறாரே, அந்த இறுக்கம். கைப்பொருளை நழுவவிடாமல் பிடிப்பது. சரி, வேர் அவ்வளவு போதும். சண்டை வேரில் இல்லை, வழக்கில்தான்.

வழக்கில் சிக்கனம் என்றால் வெறும் செலவுக் குறைப்பு அல்ல. எரிபொருள் சிக்கனம் என்கிறோம். அதே தூரத்தைக் குறைந்த பெட்ரோலில் ஓடினால்தான் அது சிக்கனம். வண்டியை எடுக்காமலே நிறுத்தி வைத்துவிட்டு "சிக்கனமான வண்டி" என்று யாரும் சொல்வதில்லை. எல்இடி விளக்கு போட்டால் மின்சாரச் சிக்கனம். இருட்டில் உட்கார்ந்தால் அதற்கு வேறு பெயர். காரியம் கெடாமல் செலவு குறைய வேண்டும், அதுதான் நிபந்தனை.

காரியம் கெட்டால் என்ன பெயர் என்பதையும் தமிழ் யோசித்தே வைத்திருக்கிறது. "செயற்பால செய்யாது இவறியான் செல்வம்" என்று தொடங்கும் குறளில் (437) இலக்கணமே இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் பணத்தைப் பிடித்து வைத்தால் அது இவறல். அடுத்த குறளில் அதையே இவறன்மை என்பார். பின்னால் வடமொழியிலிருந்து உலோபம் வந்தது. அங்கே லோபம் என்றால் பேராசை. இங்கே வந்து கொடாத்தன்மை ஆனது. இவறல் அழகான சொல்தான், ஆனால் குறளுக்கு வெளியே இன்று அதைப் பார்ப்பது அரிது. கஞ்சத்தனம், கருமித்தனம், எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் எல்லாம் உயிரோடு இருக்கும்போது உலோபியைக் கூப்பிட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. சிக்கனத்துக்கே 'செட்டு' என்றொரு பழகிய சொல் உண்டு. "கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்" என்று ஒருத்தியைச் சொன்னால் பாராட்டுகிறோம் என்று அர்த்தம். அதையும் எழுத்தில் யாரும் தொடுவதில்லை.

இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில், ஓய்வூதிய வெட்டைக் கொண்டுபோய்ச் சிக்கனத்தின் கீழ் போடுவதுதான் எரிச்சல். இதற்கு ஆதரவாகச் சொல்கிறவர்கள், செலவு குறைகிறதா இல்லையா என்று கேட்பார்கள். குறைகிறது. ஆனால் யார் செலவு? தமிழில் சிக்கனம் தனக்குத் தானே செய்துகொள்வது. "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தான்" என்றால் கட்டியது அவனுடைய வாய், அவனுடைய வயிறு. அடுத்தவன் வயிற்றைக் கட்டினால் தமிழன் அதை 'வயிற்றில் அடிப்பது' என்பான். இரண்டும் வயிறுதான், இரண்டையும் குழப்பிக்கொள்கிற ஆள் இல்லை. செய்தி அறைக்குள் நுழைந்ததும்தான் குழப்பம் வருகிறது.

அதிகாரிகள் விமானத்தில் முதல் வகுப்பில் போகக் கூடாது, நட்சத்திர விடுதிகளில் கூட்டம் நடத்தக் கூடாது என்று நடுவண் நிதியமைச்சகம் சுற்றறிக்கை விட்டதுண்டு. அது அசல் சிக்கன நடவடிக்கை. அரசு தன் கையைத் தானே பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் இந்தத் தொடர் கச்சிதமாக உட்காரும், யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே உட்கார்ந்திருந்ததைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஏதென்ஸில் நட்டதுதான் தவறு.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 2010இல் கிரேக்க அரசு மதிப்புக் கூட்டு வரியை 19 விழுக்காட்டிலிருந்து இரண்டு தவணையாக 23க்கு ஏற்றியது. அதுவும் ஆஸ்டெரிட்டிதான், ஆகவே தமிழில் அதுவும் சிக்கன நடவடிக்கை! வரியை ஏற்றுவது எந்த ஊர்ச் சிக்கனம்? "ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை" (478) என்று வள்ளுவரைத் துணைக்கு அழைத்துச் சிலர் இந்த மொழிபெயர்ப்பைக் காப்பாற்றப் பார்க்கலாம். குறள் வருகிற வழியையும் போகிற வழியையும் தனித்தனியாக வைத்துப் பேசுகிறது. போகாறு அகலாமல் பார்த்துக்கொள்வது சிக்கனம், ஒப்புக்கொள்கிறேன். ஆகாற்றை அகலப்படுத்த அடுத்தவர் பையில் கைவிடுவதை அதில் எப்படிச் சேர்ப்பது?

'கடுஞ்சிக்கனம்' என்று திருத்தி எழுதுகிறவர்களும் உண்டு. முன்னால் கடுமையைச் சேர்த்தால் துவர்ப்பு திரும்பிவிடும் என்ற எண்ணம் போலிருக்கிறது. திரும்பாது. சிக்கனம் நல்லதென்றால் கடுஞ்சிக்கனம் இன்னும் நல்லது என்றுதான் காதில் விழும். அடிச்சொல்லே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது அடைமொழியால் நிமிர்த்த முடியாது.

புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வெட்டியது செலவு என்றால் 'செலவு வெட்டு' என்று எழுதலாம். ஏற்றியது வரி என்றால் 'வரி உயர்வு'. இரண்டும் சேர்ந்த மொத்தத் திட்டத்துக்கு 'நிதி இறுக்கம்' என்பேன். கேட்டவுடன் யாரையோ நெருக்குகிறார்கள் என்று புரியும், ஆனால் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாது. "நிதி இறுக்கத்தை எதிர்த்துப் போராட்டம்" என்று போட்டுப் பாருங்கள், போராடுகிறவர்கள் ஊதாரிகளாகத் தெரிய மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களின் சிக்கல் இந்த ஒரு சொல்லோடு முடிவதில்லை. எகானமி என்று பார்த்ததும் பொருளாதாரம் என்று கை தானாக எழுதிவிடுகிறது. விமானத்தில் 'பொருளாதார வகுப்பு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏதோ பாடம் நடத்துகிற வகுப்பு போல. அங்கே 'சிக்கன வகுப்பு' என்றுதான் எழுத வேண்டும். வேண்டிய இடத்தில் சிக்கனத்தை விட்டுவிட்டு, விளம்பரங்களில் 'சிக்கன விலை' என்று போடுகிறார்கள். வாங்குகிறவர் சிக்கனமாக இருக்கலாம். விலை எப்படிச் சிக்கனமாக இருக்கும்? அது குறைந்த விலை, மலிவு விலை, சகாய விலை. மூன்று சொற்கள் சும்மா கிடக்கின்றன.