விண்வெளி உளவியலாளர்: சொல்லும் பொருளும்

சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூன் 5-ஆம் தேதி பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியது சுமார் 8 நாள் பயணமாக. அவர்கள் பூமிக்குத் திரும்ப 286 நாள் ஆனது. அந்த மாதங்களில் "சிக்கிக்கொண்டார்", "தவிக்கிறார்" என்றே தலைப்புகள் வந்தன. தாங்கள் சிக்கிக்கொண்டதாகவோ கைவிடப்பட்டதாகவோ உணரவில்லை என்று அவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை. ஒருவருடைய நிலைமைக்கு நாம் வைக்கும் பெயர் அவர் மனத்தையும் தொடும், வீட்டில் காத்திருப்பவர்கள் மனத்தையும் தொடும். இதைத் தொழிலாகவே கவனிக்கிற ஒருவர் விண்வெளி நிறுவனங்களில் இருக்கிறார். அவரைத் தமிழில் மனோதத்துவ நிபுணர், மனநல மருத்துவர், ஆலோசகர் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எது பொருத்தம் என்று பார்க்கலாம்.

முதலில் 'சைக்காலஜி'. 'சைக்கி' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சு, உயிர், ஆன்மா என்று பொருள். 'லோகஸ்' என்றால் பேச்சு, ஆராய்ச்சி. இரண்டையும் சேர்த்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் லத்தீனில் எழுதத் தொடங்கினார்கள். தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல்தான். ஆக, மூச்சையும் உயிரையும் ஒரே சொல்லில் வைத்த வகையில் நம்மவர்களும் கிரேக்கர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தபோது தமிழ் 'உயிர்' பக்கம் போகவில்லை, 'உள்' பக்கம் போனது. உள், உளம், உள்ளம். உளம் பற்றிய இயல் உளவியல். பழைய பத்திரிகைகளில் மனோதத்துவம் என்ற சொல் புழங்கியது. தத்துவம் என்றதும் ஏதோ வேதாந்தம் போலக் காதில் விழும். உளவியலில் அந்தக் குழப்பம் இல்லை. முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு உளவுத்துறை நினைவு வரலாம். அது பரவாயில்லை, உளவும் உள்ளே இருப்பதைத் தேடுவதுதானே.

உளவியலாளர் வேறு, மனநல மருத்துவர் வேறு. மருத்துவம் படித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். உளவியலாளர் மனமும் நடத்தையும் இயங்கும் விதத்தைப் படித்தவர். நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் இரு தரப்பினரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். இந்தக் கட்டுரை உளவியலாளரைப் பற்றியது. அவரை மனநல மருத்துவர் என்று எழுதினால், மேலே இருப்பவர்களுக்கு ஏதோ நோய் என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது 'அஸ்ட்ரோநாட்'. 'அஸ்ட்ரான்' விண்மீன், 'நாட்டஸ்' கடலோடி. விண்மீன் கடலோடி என்று சொல்லலாம். ரஷ்யர்களின் 'காஸ்மோநாட்' அண்டத்தின் கடலோடி. நாட்டஸுக்கு மூலமான 'நாஸ்' என்பது கப்பல். நமக்கு நாவாய் நினைவுக்கு வரும். இந்தியாவில் இப்போது ககன்யாத்ரி என்கிறார்கள், வான்பயணி என்று பொருள். மற்றவர்கள் கடலோடி, பயணி என்று சொல்லும் இடத்தில் தமிழ் 'வீரர்' என்கிறது. கிரிக்கெட் ஆடுபவரையும் வீரர் என்றே சொல்கிறோம், அதனால் சொல்லின் கூர்மை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்பது சரிதான். இருந்தாலும் எனக்கு அது உறுத்துகிறது. மனம் சோர்ந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த பயணம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் விண்வெளிக்குப் போகிறவர்களிடம் ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. உளவியலாளரிடம் வாய் திறக்க அவர்கள் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவரை வீரர் என்று அழைத்துவிட்டு, உன் சோர்வைச் சொல் என்று கேட்பது கடினம்.

சரி, இந்த உளவியலாளர் என்ன செய்கிறார்? தொடக்கத்தில் அவர் வேலை தேர்வோடு முடிந்தது. 1959-இல் மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் அமெரிக்காவின் மெர்க்குரி திட்டத்துக்கு 7 பேரைத் தேர்ந்தெடுத்தபோது உளவியல் சோதனைகளும் நடந்தன. பயணம் நடக்கும்போதே மனத்துக்குத் துணை நிற்கும் பழக்கத்தை 1970-களில் சோவியத் ஒன்றியம் வளர்த்தது. அவர்களுடைய சல்யூட் விண்வெளி நிலையங்களில் மாதக்கணக்கில் தங்கியவர்களுக்குக் குடும்பத்தோடு பேச்சு, பிடித்த இசை, சரக்குக் கலத்தில் எதிர்பாராத பரிசு என்று ஏற்பாடு செய்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உளவியல் ஆதரவு'. 1990-களில் அமெரிக்கர்கள் ரஷ்யாவின் மிர் நிலையத்தில் தங்கினார்கள். மொழியும் பழக்கமும் வேறான இடத்தில் சிலர் தனிமையில் வாடினார்கள். அதன் பிறகு நாசாவும் இந்தப் பக்கம் தீவிரமாகத் திரும்பியது.

இப்போது பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பவர் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உளவியலாளரோடு தனியாகக் காணொளியில் பேசுகிறார். வேறு யாரும் கேட்பதில்லை. தூக்கம் எப்படி, சக பயணிகளோடு எப்படி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று போகும் அந்தப் பேச்சு. நாளுக்கு 16 முறை சூரியன் உதிக்கும் இடத்தில் தூக்கம் பெரிய விஷயம். வீட்டில் இருப்பவர்களையும் உளவியலாளரின் குழு கவனித்துக்கொள்கிறது. 2007 டிசம்பரில் நாசாவின் டேனியல் டானி நிலையத்தில் இருந்தபோது, பூமியில் அவருடைய அம்மா ஒரு விபத்தில் இறந்தார். அந்த மாதமே அவரை அழைத்துவர வேண்டிய விண்வெளி ஓடம் கோளாறால் தள்ளிப்போயிருந்தது. பிப்ரவரியில்தான் அவர் இறங்கினார். அம்மாவின் காரியத்துக்குப் போக முடியாத மகனுக்கு அந்த இரண்டு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நாளில் பக்கத்தில் உட்கார முடியாத தூரத்திலிருந்து ஒருவருக்குத் துணையாக இருப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

குழுவுக்குள் ஒத்துப்போவது இன்னொரு பகுதி. இதற்குக் குறள் ஒரு நல்ல சொல் தருகிறது.

உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள்
பாம்போடு உடனுறைந் தற்று.

மனம் பொருந்தாதவரோடு சேர்ந்து வாழ்வது, சிறு குடிசைக்குள் பாம்போடு தங்குவது போன்றது. அதிகாரத்தின் பெயர் உட்பகை. நாம் இன்று உடன்பாடு என்றால் ஒப்பந்தத்தை நினைக்கிறோம். ஆகவே ஒரு குழுவின் மனப்பொருத்தத்துக்கு உடம்பாடு என்ற பழைய வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக 6 பேரை 520 நாள் ஒரு மாதிரிக் கலத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். மார்ஸ்-500 என்று பெயர். தங்களுக்குள் வந்த உரசல்களைவிட, கட்டுப்பாட்டு மையத்தோடு வந்த உரசல்களை அவர்கள் 5 மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். கூட இருப்பவர் மேல் வரும் கோபத்தைத் தொலைவில் இருப்பவர் மேல் இறக்கிவைப்பது மனித இயல்பு. வெளியே பட்ட எரிச்சலை வீட்டில் காட்டுவோமே, அதன் தலைகீழ் வடிவம். உளவியலாளர் இதை முன்கூட்டியே இரு பக்கமும் சொல்லி வைக்கிறார்.

இந்த அறிவு மண்ணுக்கு அடியிலும் பயன்பட்டிருக்கிறது. 2010-இல் சிலி நாட்டில் சான் ஹோசே சுரங்கம் சரிந்து 33 தொழிலாளர்கள் 700 மீட்டர் ஆழத்தில் மாட்டிக்கொண்டபோது, நாசா அனுப்பிய சிறு குழுவில் ஆல் ஹாலண்ட் என்ற உளவியலாளரும் இருந்தார். இரவு பகல் இல்லாத இடத்தில் இரவு பகலை உண்டாக்கிக்கொள்வது, ஆளுக்கொரு வேலை வைத்துக்கொள்வது போன்றவை விண்வெளியில் கற்ற பாடங்கள். 69-ஆம் நாள் 33 பேரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

இனி தமிழ்ப் பெயர். தொழிலைச் சொல்ல 'விண்வெளி உளவியலாளர்' போதும். அவர் செய்யும் பணிக்கு 'ஆதரவு' என்ற சொல் எனக்குப் போதவில்லை. கட்சிக்கும் ஆதரவு, கடைக்கும் ஆதரவு என்று அது நீர்த்துவிட்டது. இலங்கைத் தமிழர்கள் கவுன்சலிங் என்பதை உளவளத்துணை என்கிறார்கள். போரும் இழப்பும் கண்ட ஊர்களில் புழங்கிய சொல் அது. அதிலிருக்கும் 'துணை' நமக்குத் தேவை. வழித்துணை என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. விண்பயணம் முழுக்கக் கூடவே வரும் இந்தப் பணியை 'உளத்துணை' என்று எழுதலாம். பெங்களூரில் இந்தியாவின் ககன்யான் விண்வெளித் திட்டப் பயணிகள் தயாராகிவரும் இந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை வரும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் பாக்கி. செவ்வாய்க்குப் போகிறவருக்கு நம் குரல் சேர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர மறுபடி அவ்வளவு. நாசா 2023 ஜூன் முதல் 378 நாள் 4 பேரை ஹூஸ்டனில் அடைத்து வைத்து நடத்திய ஒத்திகையிலும் இந்தத் தாமதத்தோடுதான் தொடர்பு வைத்துக்கொண்டார்கள். அங்கே உரையாடல் என்ற சொல் செல்லாது. அழுதவரிடம் "ம், சொல்லுங்க" என்று உடனே சொல்ல முடியாது. மனத்தில் இருப்பதை முழுக்கப் பேசி அனுப்பிவிட்டு, காத்திருந்து, வந்ததைக் கேட்க வேண்டும். கப்பலேறிப் போனவர்களுக்கு நம் பாட்டிமார் எழுதிய கடிதம் போலத்தான். அதற்கு நான் 'குரல்மடல்' என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.