நாலு பேர் சிரித்தால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

பள்ளி ஆண்டு விழாவில் பேச்சு பாதியில் மறந்துபோய் அரங்கமே சிரித்துவிட்டது, வேலைக்குப் போன பிறகும் மைக்கைப் பார்த்தால் கை நடுங்குகிறது, அந்த நினைவை அழிக்க வழி உண்டா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அழிப்பது கடினம். ஆனால் அழிக்காமலே அதை அடக்கும் ஏற்பாடு ஒன்று மூளையில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

முதலில், கை நடுங்குவது கோழைத்தனம் இல்லை. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் பேச வேண்டும், அப்புறம் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. மன அழுத்தம் தரும் பல வகை வேலைகளைக் கொடுத்துப் பார்த்த 208 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004-இல் டிக்கர்சன், கெமனி என்ற இருவர் வெளியிட்ட முடிவு: நம் கட்டுப்பாட்டை மீறிய ஒரு வேலையில் அடுத்தவர்கள் நம்மை எடைபோடும்போதுதான் மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிக அதிகமாக ஏறுகிறது. அட்ரினலின், இதயத் துடிப்பு எல்லாம் பள்ளியில் படித்ததுதான், விட்டுவிடலாம்.

இப்போது எலிக்கு வருவோம். ஒரு ஒலி, உடனே லேசான மின் அதிர்ச்சி. சில தடவையிலேயே ஒலி கேட்டால் எலி அசையாமல் உறைந்துவிடும். பிறகு அதிர்ச்சி கொடுக்காமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தால் பயம் படிப்படியாகக் குறையும். பழைய நினைவு அழிந்துவிட்டதா? இல்லை. நாய்களிடம் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே பார்த்திருக்கிறார், போய்விட்டதாக நினைத்த பழக்கம் சிறிது இடைவெளிக்குப் பின் தானாகத் திரும்பி வந்தது. பயத்தின் ஆக்ஸிலரேட்டர் அப்படியேதான் இருக்கிறது, அதன் மேல் மூளை புதிதாக ஒரு பிரேக்கைப் பொருத்துகிறது.

அந்த பிரேக் எங்கே இருக்கிறது என்று போர்ட்டோ ரிக்கோவில் மிலாத், குவர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேடினார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் எலியின் முன்மூளையில் ஒரு சின்னப் பகுதி சிக்கியது. அங்குள்ள நரம்பணுக்கள் பயம் கற்கும்போது ஒலிக்குப் பதில் சொல்லவில்லை, பயம் குறையும் பயிற்சியின்போதும் சொல்லவில்லை. மறுநாள் அதே ஒலி கேட்டபோதுதான் சுறுசுறுப்பாயின! எந்த எலியில் அவை அதிகம் துடித்தனவோ அது குறைவாக உறைந்தது. இன்னும் அழகான விஷயம், ஒலிக்குப் பயப்படக் கற்று, பயம் குறையும் பயிற்சியை மட்டும் பெறாத எலிகளில் ஒலியோடு சேர்த்து அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினாலும் பயம் குறைந்தது. மனித மூளையிலும் இதற்கு இணையான பகுதி நெற்றிக்குப் பின்னால், கீழ்ப்பக்கமாக இருக்கிறது. அவமானம் என்பது பயம் மட்டுமல்ல, அதில் வேறு பலதும் உண்டு, ஆனால் "மறுபடி சிரிப்பார்கள்" என்ற பயம் இந்த வழியில்தான் அடங்குகிறது.

இந்த பிரேக் உருவாக ஒரு நிபந்தனை இருக்கிறது. மூளை ஒன்றை எதிர்பார்க்க வேண்டும், அது நடக்காமல் போக வேண்டும். மைக்கையே தொடாதவருக்கு எதிர்பார்ப்பு பொய்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை, அதனால்தான் ஒளிந்துகொண்டால் அவமானம் வருடக்கணக்கில் புதுசாகவே இருக்கிறது. கூச்சம் போகத் தாயத்து கட்டிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்: நீங்கள் நன்றாகப் பேசினாலும் மூளை அந்தப் பெருமையைத் தாயத்துக்குக் கொடுத்துவிட்டுப் பழைய பயத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். எலிக்கு ஒலி கேட்க வைக்கவா வரிப்பணம் என்று கேட்கிறவர்களும் இதை யோசிக்கட்டும், பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டியதே அந்த எலி ஆய்வுகள்தான். இங்கேயும் அப்படிப்பட்ட அடிப்படை ஆய்வுக்குத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், மூளையின் இந்தப் பகுதியெல்லாம் தெரியவருவதற்கு வெகுகாலம் முன்பே, வாழைப்பழத்தைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு நடக்கும்படி தன்னிடம் வந்தவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கிலோவிச்சின் குழு மாணவர்களைக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பியது. கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள், கவனித்தது கால்வாசிப் பேர்கூட இல்லை.

வாழைப்பழம் தேவையில்லை. பேசப்போகும் முன் "என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறேன்" என்று தெளிவாக ஒரு வரி எழுதுங்கள், பேசி முடித்ததும் நடந்ததை அதற்குக் கீழே எழுதுங்கள். வன்முறையாலோ பாலியல் கொடுமையாலோ வந்த அவமானத்துக்கு இந்தத் தனிப்பயிற்சி போதாது, அதற்கு மனநல ஆலோசகர் வேண்டும், அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் இலவசமாகப் பேசலாம்.

இன்னொன்று, இந்த பிரேக் பழகிய இடத்தில்தான் நன்றாகப் பிடிக்கும், இடம் மாறினால் பயம் திரும்பி வரும் என்பதும் எலிகளிடம் பார்த்ததுதான். அதனால் அலுவலகக் கூட்டத்தில் பேசிப் பழகியதோடு நிறுத்தாமல், கல்யாண வீட்டில் இரண்டு வார்த்தை, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி என்று இடத்தை மாற்றி மாற்றிப் பேசுங்கள்.