கப்பல் அதிகாரியின் காலாவதியான சி.ஓ.சி.யும் கடற்பணிக் கணக்கும்

வணிகக் கப்பல் அதிகாரிகள் தம் தகுதிச் சான்றிதழான சி.ஓ.சி.யை, கப்பல் பணியாளர்களின் பயிற்சி, சான்றளிப்பு, காவற்பணி ஆகியவற்றுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான எஸ்.டி.சி.டபிள்யூ. 1978 உடன்படிக்கையின்படி, 5 ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ்களைப் புதுப்பிப்பதில் பல ஆண்டுகளாக அதிகாரிகளுக்கு வழிகாட்டி வரும் எனக்குத் தெரிந்தவரை, இந்தத் தேதியை நன்கு நினைவில் வைத்திருப்பவர்கள்கூடக் கடற்பணிக் கணக்கில் தவறிவிடுகிறார்கள்.

புதுப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதங்களோ, உடனடி முந்தைய 6 மாதங்களில் 3 மாதங்களோ, சான்றிதழுக்குரிய பொறுப்பில் கடலில் பணியாற்றியிருப்பது பொதுவான தகுதி.

தந்தை பக்கவாதத்தில் விழுந்ததால் கரையிலேயே தங்கிவிட்ட செகண்ட் ஆபீசர் ஒருவர், தம் கடற்பணிப் பதிவேடான சி.டி.சி.யை என் மேசையில் விரித்து வைத்தார். கப்பலில் பணியேற்ற, பணி முடித்த (சைன் ஆன், சைன் ஆஃப்) தேதிகளைப் பென்சிலால் குறித்துக் கூட்டினோம்: 5 மாதம், 4 மாதம், மீண்டும் 5 மாதம். மொத்தம் 14 மாதம் இருக்கிறதே என்ற நம்பிக்கையோடுதான் அவர் வந்திருந்தார். ஆனால் சான்றிதழ் காலாவதியாகி 8 மாதங்கள் கடந்திருந்ததால், 5 ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணியபோது முதல் பயணம் முழுவதும் கணக்குக்கு வெளியே போய், 9 மாதங்களே மிஞ்சின. கெடுவுக்குள் வந்திருந்தால் அதே பக்கங்களே அவருக்குப் போதுமானவையாக இருந்திருக்கும்.

இந்நிலையில் இருப்பவர்கள் தம் தொழிலே முடிந்துவிட்டதாகக் கலங்க வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி, தேர்வு, வழக்கமான பணிக்குழுவுக்கு மேலான கூடுதல் அதிகாரியாக 3 மாதக் கடற்பணி ஆகிய வழிகளுக்கு உடன்படிக்கையே இடம் தருகிறது. எனினும் உங்கள் தரநிலைக்கும் இடைவெளிக்கும் இவற்றில் எது ஏற்கப்படும் என்பதை இந்தியக் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் நடப்புச் சுற்றறிக்கையில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே பயிற்சிக் கட்டணம் செலுத்துங்கள். அவசரத்தில் வேறு பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டுகளே செல்லும் என்பதும், தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளில் திறன் குன்றவில்லை என்பதற்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்று காட்ட வேண்டும் என்பதும் தனிக் கணக்குகள்.

கப்பலேறாத மாதங்களுக்கும் பணிப்பதிவு வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடுங்கள். பொய்ப் பதிவு பிடிபட்டால் சான்றிதழே பறிபோகக்கூடும். பிடிபடாவிட்டாலோ, இரவுக் காவலில் தகுதி குன்றிய ஒருவரை நம்பி ஒரு கப்பலே உறங்கும்.

அந்த செகண்ட் ஆபீசரிடமும் அப்படியொருவர் பேசியிருந்தார். செகண்ட் ஆபீசர் மறுத்துவிட்டு, தந்தையைத் தங்கையின் பொறுப்பில் விட்டு, கூடுதல் அதிகாரியாக 3 மாதம் கடலுக்குச் சென்றார்.